சோப்பு டப்பாவுக்குள் ஒரு ஹை-ரெஸ் மியூசிக் பிளேயர்: ஐயாயிரத்துக்குள் நாமே கட்டும் முறை

வீரவநல்லூரில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். பக்கத்திலேயே காருகுறிச்சி. அந்த ஊர் நாதஸ்வர வித்வான் அருணாசலத்தின் வாசிப்பைச் சின்ன வயதில் கோயில் வாசலில் உட்கார்ந்து நேரில் கேட்டவர். 1964-ல் அருணாசலம் காலமானபோது இவருக்குப் பதின்மூன்று வயது. போன வருஷம் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி, பாட்டெல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. "ஏல, தோடி உச்சிக்குப் போற நேரத்துல லோன் வேணுமான்னு ஒருத்தி கேக்கா. இந்தச் சள்ளையே எனக்கு வேண்டாம்டே."

அழைப்பு வராத, பாட்டு மட்டும் பாடுகிற ஒரு பெட்டி வேண்டும். ஹை-ரெஸ் பிளேயர் என்று விற்பவற்றில் எனக்குப் பிடித்ததெல்லாம் பத்தாயிரத்தைத் தாண்டியது. பொத்தான்கள் அரிசி மணி அளவு, திரையைப் படிக்கப் பெரியப்பா கண்ணாடியைத் தேட வேண்டும். அதனால் நானே கட்டினேன். முதலாவது புகைந்து போனது, இரண்டாவது இரைந்தது, மூன்றாவது இப்போது அவர் தலைமாட்டில் இருக்கிறது. மூன்றிலும் படித்ததைச் சேர்த்து எழுதுகிறேன். சால்டரிங் அயர்ன் பிடித்த பழக்கமும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எண்களுக்கு எவ்வளவு மரியாதை

சிடியின் கணக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலே போனால் ஹை-ரெஸ் என்கிறார்கள். பெட்டிகளில் ஒட்டியிருக்கும் தங்க நிற முத்திரைக்கு ஜப்பான் ஆடியோ சொசைட்டி வைத்திருக்கும் அளவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதைப் பிட் சொல்லும்: 16 பிட்டுக்குச் சுமார் 96 டெசிபல், 24 பிட்டுக்கு ஏட்டளவில் 144. கிலோஹெர்ட்ஸ் எண்ணில் பாதியை எடுத்தால் எவ்வளவு கீச்சான ஒலி வரை பிடிபடும் என்பது கிடைக்கும். 44.1-ல் பாதி 22.05. மனிதக் காதின் எல்லையே 20 தான். வயதாக ஆக அதுவும் இறங்கிவிடும்.

நாம் போடப்போகும் டாக் சிப், அதாவது எண்ணை ஒலி மின்னலையாக மாற்றுவது, பிசிஎம்5102ஏ. 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் வரை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் இரைச்சல் எல்லை 112 டெசிபல். ஒரு பிட்டுக்கு ஆறு டெசிபல் என்று வகுத்தால் பதினெட்டரைப் பிட்டுதான் வருகிறது. லட்ச ரூபாய்ப் பிளேயரும் முழு 24 பிட்டை எட்டுவதில்லை. ஆகவே 192, 384 என்று பார்த்து மயங்க வேண்டாம்.

24 பிட்டின் நிஜமான பலன் பதிவு செய்கிறவருக்குத்தான். சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். புலவர் கதை சொல்லும்போது குரல் தாழ்ந்து கிடக்கும். சாமி இறங்குகிற கட்டத்தில் குடமும் உடுக்கையும் வில்மணியும் ஒன்றாக எகிறும். 16 பிட்டில் அந்த அளவைப் பிடிப்பது கயிற்றில் நடக்கிற மாதிரி. 24 பிட்டில் உச்சத்துக்கு மேல் 12 டெசிபல் இடத்தைத் தாராளமாக விட்டு வைக்கலாம், தாழ்ந்த குரல் இரைச்சலில் முங்காது. அப்படிப் பதிவு செய்தது கையில் இருந்தால் அதை அப்படியே பாடுகிற பிளேயர் வேண்டும். என் கணக்கில் ஹை-ரெஸ்ஸுக்கு உண்டான நியாயம் அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கிற அந்த இடைவெளியில் காதில் எதுவும் கேட்கக் கூடாது. அந்த அமைதி சிப்பிலிருந்து வருவதில்லை. மின்சாரம் கொடுக்கிற விதத்திலும் கிரவுண்ட் ஒயர் (மின்சாரம் திரும்பி வரும் மைனஸ் வழி) போடுகிற விதத்திலும்தான் வருகிறது. அதனால் அந்த இரண்டு பகுதிகளை இங்கே நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

சாமான்

மூளைக்கு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி, இனிமேல் சுருக்கமாகப் 'பை'. 65 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 512 எம்பி நினைவகம், நாலு கோர். நான் வாங்கியபோது 1,800 ரூபாய். பிசிஎம்5102ஏ போர்டு (ஊதா நிறத்தில் வரும்) 350. இயர்போனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஹெட்போன் ஆம்ப்புக்கு டிடிஏ1308 போர்டு 120. 10 கே ஸ்டீரியோ வால்யூம் கண்ட்ரோல் 40. கடையில் கேட்கும்போது 'லாக்' (லாகரிதமிக்) வகை என்று சொல்லி வாங்குங்கள். டிபி4056 சார்ஜர் போர்டு 50, வோல்டேஜை ஏற்றித் தரும் எம்டி3608 பூஸ்ட் போர்டு 70. 18650 அளவு லித்தியம் செல் இரண்டு 400, அதற்கு ஹோல்டர் 40. 32 ஜிபி மெமரி கார்டு 350, நகத்தளவு 128 ஜிபி பென்டிரைவ் 800, அதைப் பையில் சொருக ஓடிஜி முனை 60. பொத்தான், ஒயர், கன்டென்சர், ஜாக் எல்லாம் சேர்த்து 150. சோப்பு டப்பா 30. மொத்தம் 4,260. கார்டு, பென்டிரைவ் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்.

பொத்தான், கன்டென்சர், ஹோல்டர் மாதிரிச் சில்லறைச் சாமான்களை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து ரேடியோ ஸ்பேர்ஸ் கடைகளிலேயே கேட்டு வாங்கிவிடலாம். பையும் டாக் போர்டும் ஆன்லைனில்தான். சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் வாங்கி வரச் சொல்லலாம். டிபி4056 வாங்கும்போது ஆறு முனை உள்ளதாகப் பார்க்க வேண்டும்: பி பிளஸ், பி மைனஸ், அவுட் பிளஸ், அவுட் மைனஸ், கூட இரண்டு இன். நாலு முனைப் போர்டில் செல்லுக்குப் பாதுகாப்புச் சிப் கிடையாது.

செல்லில் ஏமாற்று அதிகம். 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் 2,600-லிருந்து 3,500 வரை கண்டால் நம்பலாம். ஒரு நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும், நகைக்கடைத் தராசு கிடைத்தால் நிறுத்துப் பாருங்கள். கையில் எடுக்கும்போதே லேசாக இருந்தால் அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரம்

இரண்டு செல்லையும் பக்கவாட்டில், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ் சேர்க்கப் போகிறோம். சேர்க்கும் முன் இரண்டின் வோல்டேஜையும் அளந்து பாருங்கள். ஒன்று 4.1, இன்னொன்று 3.6 என்று இருக்கையில் சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பெரிய மின்னோட்டம் பாயும், சூடேறும். தனித்தனியாக முழுசாகச் சார்ஜ் செய்து இரண்டும் 4.2-க்குப் பக்கத்தில் ஒன்றுபோல் நின்ற பிறகு ஹோல்டரில் போடுங்கள். செல் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கவே கூடாது.

ஹோல்டரிலிருந்து டிபி4056-ன் பி முனைகளுக்கு. அவுட் முனைகளிலிருந்து ஒரு சிலைடு சுவிட்ச் வழியாக எம்டி3608-ன் இன் பக்கம். இங்கே நிறுத்துங்கள். பையை இன்னும் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

என் முதல் பை செத்தது இந்த இடத்தில்தான். எம்டி3608 செல்லின் 3.7 வோல்ட்டை மேலே ஏற்றிக் கொடுக்கும். எவ்வளவு என்பதை அதிலிருக்கும் பித்தளைத் திருகு தீர்மானிக்கும். புதுப் போர்டில் திருகு எங்கேயாவது நிற்கும். நான் நாலு சுற்றுச் சுற்றினேன், மீட்டரில் எண் அசையவில்லை. போர்டே கோளாறு போல என்று நினைத்துச் சும்மா பையில் மாட்டிப் பார்த்தேன். ஐந்து வோல்ட் வேண்டிய இடத்தில் அதற்கு இரண்டு மடங்கு போயிருக்கிறது. ஒரு வாசனை வந்தது, 1,800 ரூபாய் போனது. அந்தத் திருகைப் பத்து, பதினைந்து, சில போர்டில் இருபது சுற்றுக்கூட இடப்பக்கமாகத் திருப்பின பிறகுதான் எண் இறங்க ஆரம்பிக்கும். பொறுமையாகத் திருப்பி 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். திருகின் மேல் ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டால் பிறகு ஆடாது.

எவ்வளவு நேரம் ஓடும்? பாட்டு ஓடும்போது பை, டாக், ஆம்ப் எல்லாம் சேர்த்து ஒன்றரை வாட் பக்கம் இழுக்கும். பூஸ்ட் போர்டில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றே முக்கால். 2,600 எம்ஏஎச் செல் இரண்டில் 19 வாட் அவர் அளவுக்கு இருக்கிறது. ஆக, பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கும்வரை பாடிக்கொண்டிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் கடைசிச் சொட்டு வரை உறிய விட வேண்டாம். அந்தப் பாதுகாப்புச் சிப் செல் 2.4 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் வெட்டும், அடிக்கடி அவ்வளவு தூரம் இறங்கினால் செல்லின் ஆயுள் குறையும். தினம் ராத்திரி சார்ஜில் போடுவதே நல்லது.

சார்ஜ் ஆகும்போது பாட வைக்க வேண்டாம். செல்லுக்குள் போகும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் செல் நிரம்பிவிட்டது என்று டிபி4056 முடிவு செய்யும். பக்கத்தில் பை இழுத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்குக் கெட்டுப்போகும். செல் நிரம்பின பிறகும் விளக்கு மாறாது. காலி செல்கள் நிறைய ஆறு மணி நேரம் ஆகும், போர்டும் நன்றாகவே சுடும். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு மாடியிலோ வெயிலில் நிற்கிற வண்டியின் டேங்க் பையிலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

டாக் போர்டை ஆயத்தம் செய்தல்

போர்டை வாங்கியவுடன் நேராக மாட்டினால் பாதிப் பேருக்குச் சத்தமே வராது. போர்டு கெட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். பின்பக்கம் நாலு இடத்தில் மூன்று மூன்று செம்புப் புள்ளிகள் இருக்கும். நடுப்புள்ளியை ஹெச் பக்கமோ எல் பக்கமோ ஈயத்தால் சேர்க்க வேண்டும்: 1, 2, 4 மூன்றும் எல் பக்கம், 3 மட்டும் ஹெச் பக்கம். அந்த மூன்றாவதுதான் ஊமையாக்கும் முனை. அது எல் பக்கம் கிடந்தாலோ அந்தரத்தில் நின்றாலோ போர்டு வாய் திறக்காது. சில போர்டில் இதை முன்கூட்டியே செய்து அனுப்பியிருப்பார்கள், லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

முன்பக்கம் எஸ்சிகே என்ற முனையைக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். அது தலைமைத் துடிப்பு வர வேண்டிய முனை, ராஸ்பெர்ரி பை அந்தத் துடிப்பைத் தருவதில்லை. எஸ்சிகே கிரவுண்டில் இருந்தால் சிப் தனக்கு வேண்டியதை, பிட்டுகளோடு வரும் பிசிகே துடிப்பிலிருந்து தானே உண்டாக்கிக்கொள்ளும். சேர்க்காமல் விட்டால் கரகரப்பு வரும், சில சமயம் ஒன்றுமே வராது.

பிறகு ஒயர். பையின் நாற்பது ஓட்டையில் ஒன்றாம் எண் மெமரி கார்டு இருக்கும் பக்கம். அந்த முனையில் சதுரப் புள்ளி இருக்கும்.

- விஐஎன்: 2-ம் முனை (5 வோல்ட்)
- பிசிகே: 12-ம் முனை
- எல்சிகே: 35-ம் முனை
- டிஐஎன்: 40-ம் முனை
- கிரவுண்டு: 39-ம் முனை

ஒயர் பத்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பிசிகே ஒயரில் ஓடும் துடிப்பு, பாட்டின் கிலோஹெர்ட்ஸ் எண்ணைப் போல 64 மடங்கு. 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கு அது 12.288 மெகாஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட சிற்றலை ரேடியோ. நீள ஒயர் போட்டால் 44.1 பாட்டு நன்றாகவும் 192 பாட்டு கீறலாகவும் கேட்கும். என் இரண்டாவது பெட்டியில் அப்படித்தான் கேட்டது.

ஆம்ப், வால்யூம், ஒரு கிரவுண்டு ஒயரின் கதை

டாக் போர்டிலேயே 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறதே, இயர்போனை அதிலேயே சொருகிவிடலாமே என்று தோன்றும். சொருகினால் பாடும்தான். ஆனால் அந்த வாய் 1,000 ஓமுக்கு மேற்பட்ட சுமைக்கு ஆனது, நம் இயர்போன் 16 அல்லது 32 ஓம். அடிநாதம் மெலிந்து, தவிலின் தொப்பிப் பக்கம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டின மாதிரிக் கேட்கும். அதற்காகத்தான் டிடிஏ1308. 3 முதல் 7 வோல்ட் வரை ஒற்றைச் சப்ளையில் ஓடும் ஹெட்போன் ஆம்ப் அது.

டாக்கிலிருந்து வரும் ஒலி 2.1 வோல்ட் வரை இருக்கும். காதுக்குள் வைக்கும் இயர்போனுக்கு அது மிக அதிகம். அதனால் நடுவில் வால்யூம் கண்ட்ரோல். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மலிவான ஸ்டீரியோ கண்ட்ரோலில் முதல் கால் சுற்றில் இடதும் வலதும் ஒன்றாக ஏறாது. ஒரு காது முந்தும். கண்ட்ரோலுக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமும் 22 கே மின்தடை ஒன்றைத் தொடராக வைத்துவிட்டால் ஒலி பத்து டெசிபல் இறங்கும். குமிழை நடுச் சுற்று வரை திருப்பிக் கேட்க வேண்டி வரும், அங்கே இரண்டு பக்கமும் ஒத்துப் போகும். இரண்டு ரூபாய் மின்தடை செய்கிற வேலை இது.

ஆம்ப்புக்கு மின்சாரம் நேராக வேண்டாம். 5 வோல்ட் வழியில் ஒரு 10 ஓம் மின்தடை, அதன் ஆம்ப் பக்க முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1000 மைக்ரோஃபாரட் கன்டென்சர். பூஸ்ட் போர்டு 1.2 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. அது காதுக்குக் கேட்காது. கேட்பது, பை கார்டைப் படிக்கும்போதும் வைஃபையில் பேசும்போதும் விட்டுவிட்டு இழுக்கும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம். அந்த 10 ஓமும் கன்டென்சரும் அதை மழுக்கிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் என் இரண்டாவது பெட்டியில் கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டு நின்றால் கூடும், வைஃபை வேலை செய்தால் டிக் டிக் என்னும். கன்டென்சரை இரட்டிப்பாக்கினேன், ஃபெரைட் மணி கோத்தேன், அலுமினியத் தாள் சுற்றினேன். ஒரு மாதம் போனது.

காரணம் இதுதான். ஆம்ப்புக்கு இரண்டு வழியில் கிரவுண்டு போயிருந்தது: பூஸ்ட் போர்டிலிருந்து நேராக ஒன்று, டாக்கிலிருந்து ஒலி ஒயரோடு ஒன்று. பைக்குப் போகும் மெல்லிய கிரவுண்டு ஒயருக்கு 0.1 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். பை இழுக்கும் மின்னோட்டம் 0.3 ஆம்பியர் ஏறி இறங்கினால் அந்த ஒயரின் இரு முனைக்கும் நடுவே 30 மில்லிவோல்ட் ஆடும். டாக் ஒரு முனையில், ஆம்ப் மறுமுனையில். அந்த ஆட்டம் முழுக்க ஒலியாக ஆம்ப்புக்குள் போகிறது. காது இயர்போனில் நாம் கேட்கிற பாட்டின் அளவே சில பத்து மில்லிவோல்ட்தான் என்று யோசித்தால் விஷயம் புரியும்.

ஆகவே ஆம்ப்பின் கிரவுண்டு டாக் போர்டிலிருந்து மட்டும், தடித்த குட்டை ஒயரில். மேலே சொன்ன 1000 மைக்ரோஃபாரட்டின் மைனஸ் காலும் அங்கேதான். பூஸ்ட் போர்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே பிளஸ் ஒயர் மட்டும் போக வேண்டும். பூஸ்டிலிருந்து பைக்குப் போகும் இரண்டு ஒயரையும் தடிப்பாகப் போடுங்கள், பிரெட்போர்டு ஜம்பர் ஒயர் ஆகாது. ஒரு மாதமாகச் சாமான் சேர்த்துப் போகாத இரைச்சல், ஒரு ஒயரைப் பிடுங்கியதும் போய்விட்டது.

மென்பொருள்

இது சீக்கிரம் முடியும். மூட் ஆடியோ என்று ஒரு இலவச மென்பொருள் பைக்கென்றே இருக்கிறது. கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜரைக் கொண்டு கார்டில் எழுதும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், வீட்டு வைஃபை விவரம் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். ஜீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். போன் ஹாட்ஸ்பாட் 5-ல் இருந்தால் எத்தனை மணி நேரம் காத்தாலும் சேராது.

ஓடத் தொடங்கியதும் போனின் பிரவுசரில் மூட்-புள்ளி-லோக்கல் (moode.local) என்ற முகவரியில் அதன் பக்கம் திறக்கும். ஆடியோ அமைப்பில் ஐ-டூ-எஸ் சாதனமாக ஹைஃபைபெர்ரி டாக் ஓவர்லேயைத் தேர்ந்தெடுத்து மறுபடி துவக்குங்கள். நம் போர்டு ஹைஃபைபெர்ரி நிறுவனத்துடையது அல்ல என்றாலும் சிப் அதேதான், ஒத்துப்போகும். வால்யூம் வகையை 'ஃபிக்ஸ்டு' என்று வையுங்கள். மென்பொருளில் ஒலியைக் குறைத்தால் பிட்டுகளைத்தான் வெட்டுகிறோம். நமக்குத்தான் குமிழ் இருக்கிறதே. ரீசாம்பிளிங்கை, அதாவது பாட்டின் கிலோஹெர்ட்ஸை மாற்றுகிற வேலையை, அணைத்து வையுங்கள். 'ஆட்டோபிளே' என்பதைப் போட்டுவிட்டால் சுவிட்சைத் தட்டியதும் கடைசியாகக் கேட்டதைத் தானே பாடும். எழுந்திருக்க ஒரு நிமிஷம் பக்கம் ஆகும். பெரியப்பா அதற்குள் ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுவிடுகிறார்.

பாட்டை மெமரி கார்டில் வைக்காமல் பென்டிரைவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மின்சாரம் பட்டென்று போனால் கார்டு கெட வாய்ப்பு உண்டு. அப்போது அமைப்பை மட்டும் திரும்ப எழுதினால் போதும், பாட்டுகள் பத்திரம். பாட்டு சேர்க்க வேண்டுமானால் பென்டிரைவைப் பிடுங்கிக் கணினியில் சொருகுவதே சுலபம். பாட்டின் பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம், போன் திரையில் சரியாக வரும்.

பொத்தானும் டப்பாவும்

பையின் ஒற்றைப்படை வரிசையில் 9-ம் முனை கிரவுண்டு, அடுத்தடுத்து 11, 13, 15. இந்த மூன்றுக்கும் மூன்று பொத்தான். மறுகால் எல்லாம் 9-க்கு. மூட் அமைப்பில் இவை ஜிபிஐஓ 17, 27, 22 என்ற பெயரில் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எம்பிசி டாகில், எம்பிசி நெக்ஸ்ட், எம்பிசி பிரெவ் (mpc toggle, mpc next, mpc prev) என்ற கட்டளைகளை எழுதிவிட வேண்டும். 18 முதல் 21 வரையான ஜிபிஐஓ டாக்குக்கு ஆனவை, அங்கே பொத்தான் வைக்காதீர்கள். நாலாவது பொத்தான் 5-ம் முனைக்கு. கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லே வரி ஒன்றைச் சேர்த்தால் அதை அமுக்கியதும் பை முறையாக அணையும். பச்சை விளக்கு நின்ற பிறகு சிலைடு சுவிட்சைத் தள்ளுங்கள்.

பொத்தான்களை அளவில் வேறுபடுத்துங்கள். நிறுத்து-ஓடு பொத்தான் ஐம்பது காசு அகலம், முன்-பின் இரண்டும் சின்னது, அணைக்கிற பொத்தான் பக்கவாட்டில் தனியாக. இருட்டில் விரல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

டப்பாவுக்கு முதலில் அல்வா வந்த தகர டப்பாவைத்தான் எடுத்தேன். பார்க்க அழகு, ஆனால் தகரத்துக்குள் வைஃபை செத்துப்போனது, ஓரம் எங்கே தொட்டாலும் ஷார்ட் ஆகும் பயம் வேறு. பாளை மார்க்கெட்டில் வாங்கிய பெரிய பிளாஸ்டிக் சோப்பு டப்பா எல்லாவற்றுக்கும் தோதாக இருந்தது. உள்ளளவு 11க்கு 8, உயரம் 4 சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி பாருங்கள். அடியில் தண்ணீர் வடியப் போட்டிருக்கும் ஓட்டைகள் சார்ஜர் போர்டின் சூடு போக உதவும். அந்தப் போர்டை ஓட்டைக்கு நேராக வையுங்கள். செல் ஹோல்டர் ஒரு பக்கம், அதன்மேல் பை, ஆம்ப் மட்டும் பையைவிட்டுத் தள்ளி மறுகோடியில் வால்யூமோடு ஒட்டி. பூஸ்ட் போர்டின் சுருள் ஆம்ப்பைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. க்ளூ கன் போதும், ஆனால் செல் மேல் பட வேண்டாம். வெளியே பத்தமடைப் பாய்த் துண்டில் பெரியம்மா ஒரு உறை தைத்துக் கொடுத்தாள்.

பாட்டைச் சேர்த்தல்

எல்லாவற்றையும், தரம் குறையாமல் மடிக்கும் ஃபிளாக் வடிவத்தில் வையுங்கள். சிடியிலிருந்து எடுத்தது நிமிஷத்துக்கு 10.6 எம்பி, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் 34.6 எம்பி, ஃபிளாக்கில் மடித்தால் பெரும்பாலும் இதில் பாதிக்குச் சற்று மேலே. 128 ஜிபியில் ஹை-ரெஸ் மட்டுமே போட்டாலும் நூறு மணி நேரம் பக்கம் கொள்ளும்.

ஹை-ரெஸ் என்று கிடைப்பதை நம்பிவிடாமல் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தி வைத்து வெட்டின மாதிரி நின்றால் அது எம்பி3-யை ஊதிப் பெருக்கியது. 22-ல் நின்றால் சிடியை ஊதியது.

பெரியப்பாவின் கேசட்டுகளை நான் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து, ஒலி அளவைச் சரிக்கட்டிய பிறகு 16 பிட்டில் வைத்தேன். கேசட்டே அறுபது டெசிபலைத் தாண்டாது, அதற்கு மேல் கொடுத்தாலும் டேப்பின் இரைச்சலைத்தான் துல்லியமாகக் கேட்போம். பதிவு செய்யும் முன் டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஹெட் பக்கத்துத் திருகை மெல்ல அசைத்து ஜால்ரா எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கேசட் விஷயத்தில் பிட்டைவிட அந்தத் திருகுதான் பெரிது.

கட்டி முடித்ததும் முதலில் பாட்டே போடாமல், குமிழை முழுக்கத் திருப்பி, இயர்போனை மாட்டி ஒரு நிமிஷம் சும்மா கேளுங்கள். 'ஸ்ஸ்' என்று மிக மெல்லியதாகக் கேட்டால் சரி. டிக் டிக் என்றால் கிரவுண்டு ஒயரைப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் ஜாக்கின் சால்டர். பாட்டு ஓடுவதாகப் போன் திரையில் காட்டி, காதில் எதுவுமே இல்லையென்றால் டாக்கின் மூன்றாவது புள்ளி.

பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு, "எய்யா, எனக்கு ஒண்ணு பண்ணித் தா, காதுல மாட்டுதது வேண்டாம், வீட்ல பெரிய செட்டு கெடக்கு" என்றார். அவருக்கு வேலை இன்னும் குறைவு. ஆம்ப், குமிழ், செல், பூஸ்ட் எதுவும் வேண்டாம். டாக் போர்டின் ஜாக்கிலிருந்து செட்டின் ஆக்ஸ் வாய்க்கு ஒரு ஒயர், பைக்கு 5 வோல்ட் அடாப்டர் ஒன்று. செட்டும் அடாப்டரும் ஒரே பிளக் பாக்ஸில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஹம் வர வாய்ப்பு உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் போகிறேன்.